கத்தரி மார்க் அம்மன்

பழைய பேப்பர்காரருக்குப் பேப்பர் போடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். என் நண்பர் ஒருவர் பழைய பேப்பர்காரரிடமிருந்து பேப்பர் வாங்குகிறவர். தீப்பெட்டிப் படம், சோப்பு உறை, ஊதுவத்தி அட்டை, பஞ்சாங்கத்தின் பின்பக்க விளம்பரம் எதுவானாலும் சரி, ஐம்பது வயது தாண்டியிருந்தால் ஆசாமி பர்ஸைத் திறந்துவிடுவார். பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி, தபால்தலை சேர்ப்பவர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு இடுக்கி, ஒரு கட்டு பிளாஸ்டிக் உறை. கல்யாண வீட்டுக்குக்கூட இந்த மூன்றும் இல்லாமல் வரமாட்டார். ‘சமையல்காரர் உரிச்சுப் போடற டப்பாவுல என்ன மார்க் இருக்கும்னு யாருக்குத் தெரியும்?’ என்பது அவர் வாதம்.

அவருடைய செல்லப்பிள்ளை துணி டிக்கெட்.

டிக்கெட் என்றதும் பஸ், சினிமா என்று போகவேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து மான்செஸ்டரிலும் கிளாஸ்கோவிலும் இருந்து நம் ஊருக்குக் கப்பல் கப்பலாகத் துணியும் நூலும் வந்தன அல்லவா? மடித்த துணியின் மேலும் நூல் கட்டின் மேலும் பளபளவென்று ஒரு வண்ணப் படம் ஒட்டி அனுப்புவார்கள். வியாபார பாஷையில் அதற்கு டிக்கெட் என்று பேர். உள்ளங்கை அளவிலும் உண்டு, ஸ்லேட்டு அளவிலும் உண்டு. லட்சுமி, கிருஷ்ணர், ஆஞ்சநேயர், யானை, மயில், மகாராஜா, ரயில் வண்டி, ஊஞ்சலாடும் பெண் என்று அதில் இல்லாத படம் இல்லை.

எதற்காகப் படம்? வாங்குகிறவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ‘போன தடவை கொடுத்தியே, மயில் போட்டது, அதையே கொடு’ என்பார். கம்பெனி பெயர் வாயில் நுழையாவிட்டாலும் மயில் நுழையும். ஆகவே மயில் கம்பெனியின் சொத்து. 1875ல் பிரிட்டனில் டிரேட் மார்க் பதிவுச் சட்டம் வந்தது. 1889ல் இந்தியாவிலும் வணிகக் குறிச் சட்டம் வந்தது. அடுத்தவன் மயிலைத் திருடினால் கோர்ட்டுக்குப் போகலாம். இன்றைக்கும் நாம் காளிமார்க் சோடா, அணில் சேமியா என்று படத்தின் பெயரைச் சொல்லிச் சாமான் வாங்குகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு இந்த டிக்கெட்டுகளும் ஒரு பாட்டன்.

படங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். அச்சுவேலையில் குறை சொல்ல முடியாது. கல் அச்சு. ஒரு நிறத்துக்கு ஒரு கல். எட்டு நிறம் என்றால் அதே காகிதம் எட்டுத் தடவை கல்லின் மேல் போய்வர வேண்டும். ஒரு தடவை ஒரு நூலிழை விலகினாலும் லட்சுமிக்கு இரண்டு மூக்கு. அப்படி விலகியதை நண்பரின் நானூறு சொச்சத்தில் நான் ஏழெட்டுதான் பார்த்தேன். ஆனால் வரைந்தவர்களில் பலர் நம் கோயில் வாசலை மிதித்ததில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. சரஸ்வதிக்கு ஆப்பிள் கன்னம். பார்வதிக்குப் பின்னால் ஸ்காட்லாந்து மலை. புலிக்குப் பூனை முகம். ஓவியத்தைவிட வியாபாரிகளின் சாமர்த்தியம்தான் ஆச்சரியம். கைத்தறியின் வாடிக்கையாளரை அழைத்துப்போக வந்த துணி, கூடத் துணைக்கு நம்ம சாமியையே அழைத்துவந்தது பாருங்கள்.

2025ல் பெங்களூரு மேப் அருங்காட்சியகத்தில் இந்த டிக்கெட்டுகளுக்கென்றே ‘டிக்கெட் டீக்கா சாப்’ என்று ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதிலிருந்து நண்பருக்குத் தலைகால் புரியவில்லை. ‘பார்த்தீங்களா, குப்பைன்னு சொன்னீங்களே!’ என்று வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்தார்.

நான் குப்பை என்று சொன்னதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இவ்வளவு சேர்த்திருக்கிறீர்களே, இதில் எது நல்லது எது சுமார் என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்?

‘கண்டிஷன்’ என்றார் ஒரே வார்த்தையில். மூலை மடங்கக்கூடாது. கறை கூடாது. பின்பக்கம் பசை இருக்கக்கூடாது. முக்கியமாக ஓரம் வெட்டியிருக்கக்கூடாது. அதாவது, அச்சாபீஸிலிருந்து வந்து யார் கையும் படாமல் இருந்திருக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். துணியில் ஒட்டுவதற்காகவே பிறந்த காகிதம். அது ஒட்டப்படாமல் இருந்தால்தான் முதல் மார்க்.

*

இந்த மார்க் போடும் சமாசாரத்தை உச்சாணிக் கொம்புக்குக் கொண்டுபோனவர்கள் அமெரிக்கர்கள்.

அங்கே பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகரெட் கம்பெனிகள் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைப்பார்கள். சும்மா இருக்கிற அட்டையில் ஆட்டக்காரர் படத்தைப் போட்டு, பின்னால் சிகரெட் விளம்பரத்தை அச்சடித்தார்கள். அப்பா பிடிக்கிற சிகரெட்டுக்குப் பிள்ளை காத்திருந்தான். வியாபாரம் அமோகம்.

1909 முதல் 1911 வரை வந்த வரிசை ஒன்று உண்டு. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட அட்டைகள். சேகரிப்பவர்கள் அதை டி206 என்பார்கள். அதில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை மட்டும் குறைவாகவே வெளிவந்தது. தன் படத்தைப் போடக்கூடாது என்று அவர் தடுத்துவிட்டார். பையன்கள் சிகரெட் வாங்க நான் காரணமாகக்கூடாது என்றார் என்பது ஒரு கட்சி. காசு கொடுக்காததால் முறைத்துக்கொண்டார் என்பது இன்னொரு கட்சி. எப்படியோ, இன்றைக்கு உலகத்தில் எண்ணிச் சில டஜன்தான் தேறும். 2022 ஆகஸ்டில் அதில் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அன்றைய மதிப்பில் 55 கோடி ரூபாய்க்கு மேல். அதே மாதம் மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் 1952ஆம் வருஷத்து அட்டை ஒன்று 126 லட்சம் டாலருக்குப் போனது. ஏறத்தாழ 100 கோடி ரூபாய். விரற்கடை அளவு அட்டைக்கு!

இந்த உலகத்தில் எனக்குப் பிடித்த ஒரே மனிதர் ஜெஃபர்சன் பர்டிக். சிரக்யூஸ் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். மூட்டுவாதத்தில் விரல்கள் மடங்கிப்போனவர். பணக்காரர் இல்லை. யாரும் சீண்டாத விளம்பர அட்டைகளைச் சேர்த்து, 1939ல் முதன்முதலாக அவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டார். டி206 என்ற எண் அவருடைய பட்டியலிலிருந்து வந்ததுதான். டி என்றால் டொபாகோ. தன்னிடம் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுப் படங்களையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்கு இனாமாகக் கொடுத்தார். அதில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் 30,000க்கு மேல். கொடுத்ததோடு நிற்கவில்லை. வருஷக்கணக்கில் மியூசியத்தில் உட்கார்ந்து, நடுங்கும் கையால் ஒவ்வொன்றாக ஆல்பத்தில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் ஆள் போய்விட்டார்.

ஒட்டினார் என்பதைக் கவனியுங்கள். பசை போட்டு! இன்றைய சந்தைக்காரர்கள் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார்கள். பர்டிக்குக்கு அட்டை என்பது விற்க வேண்டிய சரக்கு அல்ல. ஒரு காலத்தில் சாதாரண ஜனங்கள் எதை வாங்கினார்கள், எதைப் பார்த்து ஆசைப்பட்டார்கள் என்பதற்கான சாட்சி. சாட்சிக்குப் பசை ஒட்டினால் என்ன?

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் வேறு ரகம். 1991ல் அட்டைகளுக்கு ஒன்று முதல் பத்து வரை மார்க் போட்டு பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத்தர ஒரு கம்பெனி ஆரம்பமானது. முதன்முதலில் மார்க் வாங்கியது ஒரு வாக்னர் அட்டை. எட்டு மார்க். அந்த வருஷம்தான் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் அதை 4,51,000 டாலருக்கு வாங்கியிருந்தார்கள். கை மாறி மாறி 2007ல் 28 லட்சம் டாலரைத் தொட்டது. அத்தனை அழகு! நூறு வயசான அட்டைக்கு இவ்வளவு கூரான ஓரமா என்று எல்லாரும் வியந்தார்கள்.

2013ல் குட்டு உடைந்தது. ஆரம்பத்தில் அதை விற்ற ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். ஓரத்தைத் தானே நறுக்கியதாக. மழுங்கிய ஓரத்தைக் கொஞ்சம் வெட்டியதும் அட்டை புத்தம்புதுசாகிவிட்டது. விலை எகிறிவிட்டது. மார்க் போட்டவர்களுக்கு வெட்டு தெரியவில்லை.

இந்த வெட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நம் ஊரிலும் சிகரெட் அட்டை இருந்தது. வில்ஸ் கம்பெனி இந்தியாவில் விற்ற ஒரு சிகரெட்டுக்கு சிசர்ஸ் என்றே பேர். பாக்கெட்டில் கத்தரிக்கோல் படம். உள்ளே நடிகைகளும் குத்துச்சண்டை வீரர்களும் அட்டையாக வந்தார்கள். எங்கள் தலைமுறைக்கு வந்தபோது சிகரெட் போய் பபிள்கம் ஆகியிருந்தது. எண்பதுகளில் பிக் ஃபன் வாங்கினால் ஒரு கிரிக்கெட் படம் கிடைக்கும். அதில் ரன், விக்கெட் என்று போட்டிருக்கும். சேர்த்துக் கொடுத்தால் பரிசு. தாடை வலிக்க மென்றோம். அந்தப் படங்களில் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. ஆனால் யாரிடம் எந்தப் படத்தை எதற்கு மாற்றினேன், எந்த மாடிப்படியில் உட்கார்ந்து சண்டை போட்டேன் என்பதெல்லாம் இருக்கிறது. நண்பரிடம் சொன்னேன். ‘படம் இல்லாம ஞாபகத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?’ என்றார். நியாயமான கேள்விதான். ஞாபகம் இல்லாமல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நானும் கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. படவேட்டில் தோன்றியது.

*

படவேட்டுக்குப் போக வேலூரிலிருந்து போளூர் ரோட்டில் வந்து சந்தவாசலில் திரும்ப வேண்டும். ஜவ்வாது மலையின் அடிவாரம். இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம். பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகரம் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். படைவீடுதான் படவேடு ஆயிற்று. ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோயிலில் கால் வைக்க இடம் இருக்காது. நாங்கள் போனது சாதாரண செவ்வாய்க்கிழமை.

ரேணுகாதேவியின் கதை உங்களுக்குத் தெரியும். கணவர் ஜமதக்னி சொல்ல, மகன் பரசுராமர் தாயின் தலையை வெட்டிய கதை. இங்கே அம்மனின் சிரசுக்குத்தான் பூஜை. உடல் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

நண்பர் வந்தது அம்மனைப் பார்க்க அல்ல. ஆரணிப் பக்கம் பழைய நெசவாளர் வீடுகளில் நூல் கட்டு டிக்கெட் கிடைக்கலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு. கணக்கு சரியானதுதான். இன்று ஆரணி என்றால் பட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்லிய பருத்தி மஸ்லினுக்கும் பேர்போன ஊர். கைத்தறிக்காரர்களுக்கு சீமைத் துணி எதிரி. ஆனால் சீமை நூலோ தறிக்கே தீனி ஆகிவிட்டது. அதிலும் துருக்கிச் சிவப்பு என்று ஒரு நூல். ஸ்காட்லாந்தில் லெவன் ஆற்றங்கரையில் சாயம் ஏற்றி அனுப்பியது. துவைத்தால் போகாத சிவப்பு. நம் கடற்கரையில் சாயவேர் தோண்டி எடுத்து, நாள்கணக்கில் ஊறவைத்து, நம் ஆட்கள் ஏற்றிய சிவப்புக்கு அது போட்டி. 1869ல் செயற்கைச் சாயம் கைக்கு வந்தபிறகு வேருக்கு வேலை இல்லாமல் போனது. 1898ல் அங்கே மூன்று கம்பெனிகள் சேர்ந்து ஒன்றாகின. அவர்கள் அனுப்பிய நூல் கட்டுகளின் மேல்தான் அழகழகான டிக்கெட்டுகள்.

விசாரித்து விசாரித்து ஒரு வீட்டுக்கு வந்தோம். முன்பக்கம் ஓடு, பின்பக்கம் பாதி கட்டிய கான்கிரீட். கூடத்தில் குழித்தறி இருந்த இடத்தை சிமென்ட் போட்டு மூடியிருந்தார்கள். மூடிய இடம் மட்டும் நிறம் வேறாகத் தெரிந்தது. எழுபது தாண்டிய ஒரு பாட்டி வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார்.

‘இன்னாபா, யாரு வோணும்?’

நண்பர் விஷயத்தைச் சொன்னார். பாட்டிக்குப் புரிந்ததா என்று சந்தேகம். ‘கம்பெனி படமா? அதுக்கா மெட்ராஸ்லேந்து வந்தே? உள்ள சாமி மாடத்துல கீது, போய்ப் பாரு’ என்றார்.

மாடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட சின்னப் படம். எண்ணெய்ப் புகை ஏறியிருந்தது. கண்ணாடியின் மேல் குங்குமம். நண்பர் அனுமதி கேட்டு இறக்கி, துண்டால் துடைத்தார். அம்மனின் முகம். கிரீடம், மூக்குத்தி, விரிந்த கூந்தல். கிரீடத்தில் அந்தப் பொன் மை இன்னும் மின்னியது. நண்பரின் கை நடுங்கியதைப் பார்த்தேன். சுருக்கமாகச் சொன்னால், அச்சு நேர்த்தி முதல் தரம்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர் அப்படியே தளர்ந்துபோனார்.

‘வெட்டியிருக்காங்க.’

உண்மைதான். படம் தோளோடு முடிந்துவிட்டது. அதற்குக் கீழே உடம்பு, வாகனம், கம்பெனி பெயர், நம்பர் எல்லாம் இருந்திருக்க வேண்டும். கத்தரியால் சீராக வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டின ஓரத்தில் ஒரு மூலையில் ஏதோ ஆங்கில எழுத்துகளின் உச்சி மட்டும் எட்டிப் பார்த்தது. என்ன எழுத்து என்று சொல்ல முடியாது.

‘பாட்டிம்மா, இதை யாரு வெட்டினது?’

‘எங்க மாமனாரோட அப்பாரு. சேப்பு நூல் கட்டுல வந்ததாம். அப்போ பட்டு கெடையாது, நூல் சேலைதான் நெய்வாங்களாம். கட்டைப் பிரிச்சா நம்ம அம்மா மொகம்! அப்பிடியே எடுத்து வெச்சுக்கினாரு.’

‘வெட்டினது எதுக்கு?’

‘வெள்ளைக்காரன் பேரு இன்னாத்துக்கு சாமிக்கு? அதான் நறுக்கிட்டாருன்னு எங்க மாமியா சொல்லும். எங்க மாமனாரு வேற சொல்வாரு. நம்ம ஊரு அம்மாவுக்கு ஏது ஒடம்பு? தலதானே. அதான் தலையோட வெச்சாருன்னு.’

இரண்டில் எது சரி என்று பாட்டி தீர்ப்புச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பாட்டி நாரைக் கீழே வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். ‘எவ்ளோ குடுப்பே?’

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சினிமாவில் என்றால் இந்த இடத்தில் பாட்டி ‘அம்மனுக்கு விலை பேசுறியா?’ என்று வசனம் பேச வேண்டும். பாட்டி பேசவில்லை. பேத்தி ஆரணியில் காலேஜ் படிக்கிறாள், வீடு பாதியில் நிற்கிறது. கேட்டதில் என்ன தப்பு?

நண்பர் நேர்மையானவர். ‘முழுசா இருந்தா அஞ்சாயிரம் குடுப்பேன், பாட்டிம்மா. வெட்டினதால விலை போவாது. ஐந்நூறு தரலாம்.’

‘வெட்டினதாலயா?’

‘ஆமா. வெட்டாம இருந்தாதான் மதிப்பு.’

பாட்டி கொஞ்சநேரம் அவரையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். ‘நல்லா கீது நைனா உன் கணக்கு! வெட்டினதாலதானே இத்தப் படம்னு மாட்டினாங்க? வெட்டாம உட்டிருந்தா நூல் கட்டுக் காயிதம். அன்னிக்கே அடுப்புக்குப் போயிருக்கும். உனக்கு இன்னிக்கு ஐந்நூறுக்குக்கூட ஆயிருக்காது.’

அதோடு பேரம் முடிந்துவிட்டது. ‘அங்கியே மாட்டிடு, இருக்கட்டும்’ என்றார். கோபமெல்லாம் இல்லை. மோர் கொடுத்தார்.

*

திரும்பி வரும்போது காரில் பேச்சு இல்லை. எனக்குள் இரண்டு கத்தரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஒன்று அமெரிக்க ஏலக்காரரின் கத்தரி. அட்டை வாழ்ந்த வாழ்க்கையை அழிப்பதற்காக வெட்டியது. பையனின் சட்டைப்பையில் கிடந்து மழுங்கிய ஓரம் தெரியக்கூடாது. அது பிறந்த அன்று இருந்தமாதிரி இருக்க வேண்டும். அந்த வெட்டுக்கு உலகம் எட்டு மார்க் போட்டது. இன்னொன்று படவேட்டு நெசவாளரின் கத்தரி. ஒரு விளம்பரக் காகிதத்திலிருந்து விளம்பரத்தை வெட்டி எறிந்து, தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது. மான்செஸ்டர்க்காரன் சாமியைக் காட்டி நூலை விற்றான். இவர் நூலையும் நெய்துவிட்டு, சாமியையும் வைத்துக்கொண்டு, அவன் பெயரைக் குப்பையில் போட்டார். டிக்கெட்டுகளைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும்விட இது கூர்மையான விமர்சனம். அதற்குச் சந்தையில் மார்க் பூஜ்யம்.

சேகரிப்பவர்களைக் கிண்டல் செய்வது என் நோக்கம் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் பாதிச் சரித்திரம் பஜ்ஜி மடிக்கப் போயிருக்கும். பர்டிக் இல்லாவிட்டால் அமெரிக்க விளம்பர அட்டைகளுக்குப் பட்டியலே இருந்திருக்காது. என் குறை எல்லாம் அளவுகோலைப் பற்றித்தான். யார் கையும் படாததுதான் உசத்தி என்று வைத்துவிட்டால், நாம் சேர்ப்பது காகிதத்தை மட்டும்தான். அதை வாங்கினவர், ஒட்டினவர், வெட்டினவர், கும்பிட்டவர் எல்லாரும் வெளியே. காகிதம் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பாட்டியின் இரண்டு விளக்கங்களும் உதிர்ந்துவிடும். சென்னையில் ஆல்பத்தில் இருக்கும்போது அது வெறும் ‘அம்மன், பழுதானது’.

கத்தரிக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1866ல் லண்டனில் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற அதிகாரி இந்தியத் துணிகளின் மாதிரிகளைத் தொகுத்தார். 18 தொகுதிகள், 700 மாதிரிகள். அச்சடித்த படம் அல்ல, அசல் துணி. சேலைகளையும் வேட்டிகளையும் தலைப்பாகைகளையும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி 20 செட் தயாரித்தார்கள். 13 செட் பிரிட்டனுக்கு, 7 செட் இந்தியாவுக்கு. இந்தியர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று அங்குள்ள மில்காரர்கள் தெரிந்துகொண்டு அதேமாதிரி நெய்து அனுப்பத்தான் இந்த ஏற்பாடு. இன்றைக்கு அந்தத் தொகுதிகள் அரிய பொக்கிஷம். ஆராய்ச்சியாளர்கள் கையுறை போட்டுக்கொண்டு புரட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், அகலம், வாங்கின ஊர் எல்லாம் குறித்திருக்கிறது. நெய்த கையின் பெயரைக் குறிக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

பழைய கதை என்று நினைக்கவேண்டாம். உங்கள் வீட்டு பீரோவில் இருக்கிற பட்டுச் சேலையை எடுத்துப் பாருங்கள். பெட்டியில் கடையின் பெயர் இருக்கும், பொன்னெழுத்தில். அம்மனோ மயிலோ படம் இருக்கும். பட்டு முத்திரை இருக்கும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஊருக்குப் பெயர் கிடைத்துவிட்டது, சந்தோஷம். பத்து இருபது நாள் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் எங்கே?

2010களின் முற்பகுதியில் கோ-ஆப்டெக்ஸ் ஒரு நல்ல காரியம் செய்தது. பட்டுச் சேலையோடு ஒரு அட்டை வைத்தார்கள். நெய்தவரின் புகைப்படத்தோடு. பேர், அனுபவம் எல்லாம் போட்டு. நினைத்துப் பார்த்தால் பேஸ்பால் அட்டைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆட்டக்காரர் படம், எத்தனை வருஷ ஆட்டம், என்ன சாதனை. அங்கே சிகரெட்டை விற்க ஆட்டக்காரர் முகம். இங்கே சேலையை விற்க, அந்தச் சேலையைச் செய்தவரின் முகம். விளம்பர அட்டைகளின் நூற்றைம்பது வருஷச் சரித்திரத்தில் இவ்வளவு யோக்கியமான அட்டையை நான் பார்த்ததில்லை. ஆட்டக்காரர் சிகரெட்டைச் செய்யவில்லை. லட்சுமி நூலை நூற்கவில்லை. இவர் மட்டும்தான் நிஜமாகவே நெய்தவர்.

அந்த அட்டையை எத்தனை பேர் வைத்திருக்கிறோம்? என் வீட்டில் கேட்டேன். ‘பில்லோட சேர்த்துப் போட்டிருப்போம்’ என்று பதில் வந்தது. நண்பரிடம் கேட்டேன். நானூறு சொச்சம் டிக்கெட் வைத்திருக்கும் மனிதரிடம் அது ஒன்றுகூட இல்லை. ‘அது ரீசென்ட் ஆச்சே’ என்றார். ஐம்பது வருஷம் கழித்து அவர் பேரன் அதைத் தேடி ஆரணித் தெருக்களில் அலையப்போகிறான். மூலை மடங்காததாகக் கேட்பான்.

*

ஒன்று சொல்ல விட்டுப்போய்விட்டது.

படத்தைத் திரும்ப மாடத்தில் மாட்டும்போது சட்டத்துக்குப் பின்னாலிருந்து ஏதோ கீழே விழுந்தது. நண்பர் பாய்ந்து எடுத்தார். இன்னொரு டிக்கெட்டோ என்று ஆசை. இல்லை. பிளாஸ்டிக் போட்ட நெசவாளர் அடையாள அட்டை. அரசாங்கம் கொடுத்தது. அதில் பாட்டியின் படம். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்திய முகம், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

‘அத்த அங்கியே சொருகிடு’ என்றார் பாட்டி. ‘தறி போனப்புறம் எதுக்குன்னு பையன் கேக்கறான். இருக்கட்டும், நம்ம பேரு போட்ட காயிதம்.’

நண்பர் அதைச் சொருகிவிட்டு, தன் நோட்டை எடுத்துக் குறிப்பு எழுத ஆரம்பித்தார். வாங்காத படமானாலும் எழுதி வைப்பது அவர் வழக்கம். அளவு, நிறங்கள், காகிதம், இடம் படவேடு, ஓரம் வெட்டப்பட்டது. பாட்டி எட்டிப் பார்த்தார்.

‘இன்னா எழுதறே?’

‘படத்தைப் பத்தி, பாட்டிம்மா.’

‘அத்த வெச்சிருந்தது யாருன்னு எழுதிக்கினியா?’

நண்பர் பேனாவை எடுத்து, பேர் கேட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து எழுதிக்கொண்டார். அவருடைய நோட்டில் இருக்கிற முதல் மனிதப் பெயர் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தப் பக்கத்தில் அந்தப் பெயர் இல்லை. எழுதலாமா என்று பாட்டியைக் கேட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும். மோரைக் குடித்துவிட்டு, கேட்காமலே வந்துவிட்டேன்.